ஷார்ஜா போய்த் திரும்பிய காலிப் பை

சூலூரிலிருந்து கோவை விமான நிலையத்துக்கு டாக்சியில் அரை மணி நேரம். டிரைவர் நானூற்றைம்பது ரூபாய் கேட்டார். அதிகம்தான். வியாழக்கிழமை விடியற்காலையில் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

"ஏனுங்க அம்மணி, லேப்டாப் பை காத்தாட்டம் இருக்குது. லேப்டாப்பை ஊட்டுலயே உட்டுப்போட்டீங்களா?" என்றார்.

"வரும்போது ஏர்போர்ட்ல வாங்கிட்டு வரத்தானுங்க. அங்க வரி கெடையாது."

சங்கதி இதுதான். நானும் ஸ்டெல்லாவும் சேர்ந்து சூலூரில் சீருடை தைக்கும் கம்பெனி நடத்துகிறோம். துணியை எப்படி வெட்டினால் வீணாகாது என்று கம்ப்யூட்டரில் அடுக்கிப் பார்ப்பது அவள் வேலை. அந்த லேப்டாப் புதன்கிழமை செத்துப்போனது. திங்கட்கிழமை பள்ளிச் சீருடை ஆர்டருக்கு வெட்டு தொடங்கியாக வேண்டும். ஒரு நாள் தள்ளினாலும் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும்.

"காந்திபுரத்துலயே வாங்கிக்கலாங்களா அக்கா?" என்று கேட்டாள் ஸ்டெல்லா. கோவை காந்திபுரத்துக் கடையில் எழுபதாயிரத்து எண்ணூறு ரூபாய். ஷார்ஜா விமான நிலையத்தில் மலிவு என்று ஒருவன் வீடியோவில் கத்தியிருந்தான். அதை நம்பி, நானே வாங்கி வருகிறேன், திங்கள் காலையில் உன் கையில் இருக்கும் என்றேன். "சரிங்க அக்கா" என்றாள். எதற்கும் அவள் சொல்வது அதுதான்.

ஷார்ஜா போனது வேறு வேலைக்கு. அங்கே கட்டடத் தொழிலாளர்களுக்கு உடை சப்ளை செய்யும் ஒருவரிடம் எங்கள் சாம்பிளைக் காட்ட வேண்டும். அவர் தையலைப் பார்த்தார், விலையைக் கேட்டார், "முடியாது, அதிகம்" என்றார். முகத்துக்கு நேராக. எனக்கு அது பிடித்திருந்தது. இரண்டு திர்ஹமுக்கு ஏலக்காய் டீ குடித்துவிட்டு, அடுத்த நாள் விலையைக் குறைத்துக்கொண்டு மறுபடி போனேன். பாதி சம்மதம் வாங்கினேன்.

ஞாயிறு மாலை விமான நிலையம். உள்ளே வரியில்லாக் கடை ஊர்த் திருவிழா மாதிரி மின்னியது. நான் தேடிய அதே லேப்டாப் 2,600 திர்ஹம். நம் காசில் ஏறக்குறைய அறுபத்திரண்டாயிரத்து நானூறு. எட்டாயிரத்து நானூறு மிச்சம்! இந்தியாவுக்கு ஒரு ஆள் ஒரு லேப்டாப் கொண்டுவர சுங்க வரியும் இல்லை. விற்பனைப் பையன் பாலக்காட்டுக்காரன்.

"நல்ல விலையாணு சேச்சி. எடுத்தோ."

"கோயமுத்தூர்ல ரிப்பேர் ஆனா?"

"இவிடெ சர்வீஸ் சென்டர் உண்டு சேச்சி."

"அதுக்கு நான் பிளைட் புடிச்சு வரணுமா?"

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அந்த நாட்டில் வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை என்பதால், லேப்டாப்பைப் படம் எடுத்து ஸ்டெல்லாவுக்கு அனுப்பினேன். என் சொந்தக் கார்டைக் கையில் எடுக்கும்போது அவளுடைய குரல் செய்தி வந்தது.

"அக்கா, ரொம்ப அழகா இருக்குதுங்க. கீ மேல அரபி எழுத்தும் இருக்குதுங்களா? பில்லுல நம்ம கம்பெனி ஜி.எஸ்.டி நம்பர் போட்டுத் தருவாங்களா? சும்மா கேட்டேனுங்க."

நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டேன். காந்திபுரம் விலையில் பத்தாயிரத்து எண்ணூறு ரூபாய் வரி. கம்பெனி பெயரில் பில் வாங்கினால், நாங்கள் கட்டும் வரியில் அது கழிந்துவிடும். அப்படியானால் அந்த லேப்டாப் எங்களுக்கு அறுபதாயிரம்தான். இங்கே வாங்கினால் ஒரு பைசா கழியாது. மிச்சம் என்று நான் நினைத்தது இரண்டாயிரத்து நானூறு நஷ்டம். வீட்டுக்கு வாங்குகிறவனுக்கு வேண்டுமானால் இது மலிவு. கம்பெனிக்கு வாங்குகிறவனுக்கு இல்லை. வீடியோவில் கத்தியவன் இதைச் சொன்னானா? எதற்குச் சொல்வான்!

கார்டை உள்ளே வைத்தேன். பேரீச்சம்பழம் இரண்டு பாக்கெட் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். விமானத்தில் தூக்கம் வரவில்லை. காந்திபுரம் கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். லேப்டாப் வாங்கி, சாஃப்ட்வேர் ஏற்றி, அளவுகளை அடுக்க இருட்டிவிடும். ஆர்டர் போனால் என்னால்தான் போகும்.

திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கம்பெனிக்குள் நுழைந்தால், வெட்டு மெஷின் ஓடுகிற சத்தம். ஸ்டெல்லா மேஜையில் புது லேப்டாப். பக்கத்தில் கம்பெனி பெயரில் பில்.

"எப்பப் புள்ள வாங்கினே?"

"நீங்க பிளைட் ஏறுன அன்னைக்கேங்க."

"நான் அங்க ஒண்ணு வாங்கியிருந்தா?"

"உங்க ஊட்டுக்கு வெச்சுக்கறதுங்க. உங்க காசுதானுங்களே."

எனக்குப் பொங்கியது. "வேண்டாம்னு மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"சொன்னேனுங்களே. காந்திபுரத்துல வாங்கிக்கலாங்களான்னு."

"அது கேட்டது. சொன்னதா?"

"இதுக்கு மேல எப்படிங்க அக்கா சொல்றது?" என்றாள், நிஜமாகவே புரியாமல்.

ஷார்ஜாக்காரர் ஒரே வார்த்தையில் முடியாது என்றார், அதை வைத்து வியாபாரம் பேச முடிந்தது. இவளோடு ஒன்பது வருஷமாகத் தொழில் செய்கிறேன். இவள் எத்தனை "முடியாது" சொல்லியிருப்பாள், நான் எத்தனையைக் கேள்வி என்று நினைத்துத் தாண்டிப் போயிருப்பேன்?

ஸ்டெல்லா என் தோளில் தொங்கிய லேப்டாப் பையைப் பார்த்தாள்.

"அக்கா, அந்தப் பை கம்பெனிக்குங்களா, ஊட்டுக்குங்களா?"

பேரீச்சம்பழத்தை வெளியே எடுத்துவிட்டு, பையை அவள் மேஜை மேல் வைத்தேன்.