இருமல் இல்லாத காசநோய்

போன வாரம் ஜெபா எங்கள் மாடிக்கு ஏறி வந்தாள். இருபத்திரண்டு படி. மூச்சு வாங்கவில்லை. இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா?

ஏழு மாதங்களுக்கு முன்பு அவளால் நாலு படி ஏற முடியவில்லை.

ஜெபா ஸ்ரீவில்லிபுத்தூரில் என் கீழ்வீட்டுக்காரி. பள்ளியில் விளையாட்டு டீச்சர். ஒரு விசிலில் மைதானத்தையே அடக்குகிறவள்!

"படுத்தா மூச்சு முட்டுதுக்கா. உக்காந்தே தூங்குதேன்" என்றாள் ஒருநாள். சாயங்காலமானால் லேசான காய்ச்சல். கால் வீக்கம். கேஸ் டிரபிள் என்று சோடா குடித்துக்கொண்டிருந்தாள்!

ஆட்டோவில் ஏற்றிப் போனேன். இதயத்தை எக்கோ ஸ்கேன் எடுத்த டாக்டரின் முகம் மாறிவிட்டது. இதயத்தைச் சுற்றியிருக்கும் உறையில் நீர் கோத்து, இதயத்தையே அமுக்கிக்கொண்டிருந்ததாம். உடனே மதுரைக்கு ஆம்புலன்ஸ். ஊசி வழியாக அந்த நீரை எடுத்தார்கள்... முக்கால் லிட்டர்!

காரணம் – காசநோய்.

தூக்கிவாரிப் போட்டது. ஒரு நாள்கூட இருமாதவளுக்கா? அதுவும் இதயத்திலா?

"காசநோய் நுரையீரலுக்கு மட்டும்தான் வரும்னு யார் சொன்னா?" என்றார் மதுரை டாக்டர். "வீட்டுல வேற யாருக்காவது இருக்கா?"

ஜெபாவின் கணவர் ஞானராஜ், ராஜபாளையத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர், தலையைக் குனிந்தார்.

"எனக்குத்தான் சார்... நாலு மாசமா கடையில வச்சே மாத்திரை சாப்பிடுதேன். மாத்திரை குடுத்த ஆஸ்பத்திரியில, வீட்டுல யார் யார் இருக்காவன்னு கேட்டாவ. தனியா இருக்கேன்னு சொல்லிட்டேன்."

தனியாகவா? மனைவியும் எட்டு வயது மகளும் இருக்கும்போது!

"அவர்கிட்டேர்ந்துதான் தொத்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அன்னைக்கே உண்மையைச் சொல்லியிருந்தா இவங்களையும் பரிசோதிச்சிருப்பாங்க. நோய் இல்லைன்னா தடுப்பு மாத்திரை கொடுத்திருப்பாங்க" என்றார் டாக்டர்.

மகளைப் பரிசோதித்தார்கள். நல்லவேளை, நோய் இல்லை. தடுப்பு மாத்திரை தொடங்கினார்கள்.

ஜெபாவுக்கு ஆறு மாத மாத்திரை. ஒன்றரை மாதத்திலேயே உடம்பு தேறிவிட்டது. "இன்னும் எதுக்குக்கா இது? வயித்தைப் பிரட்டுது" என்று நிறுத்தப் பார்த்தாள். டாக்டரிடம் போனோம். வாந்திக்கு மருந்து எழுதிவிட்டுச் சொன்னார்: "பாதியில விட்டா நோய் திரும்பும். அந்த உறை தோல் மாதிரி இறுகி இதயத்தை நெரிக்கலாம். அப்புறம் ஆபரேஷன்தான்."

அதன்பின் ஒரு நாள்கூட அவள் தவறவிடவில்லை. ஞானராஜிடம் மட்டும் மூன்று வாரம் பேசவில்லை. "அவியளுக்கு நோய் வந்ததுக்குக் கோவம் இல்லக்கா. என்கிட்ட மறைச்சதுக்குத்தான்."

போன வாரம்தான் கடைசி எக்கோ. நீர் இல்லை, உறை இறுகவில்லை. அவ்வப்போது வந்து காட்டினால் போதுமாம். அதைச் சொல்லத்தான் மாடி ஏறி வந்திருந்தாள்.

"இதைப் பத்திரிகையில் நான் எழுதும் பத்தியில் எழுதட்டுமா? பேரை மாற்றிவிடுகிறேன்" என்றேன்.

சட்டென்று நிமிர்ந்தாள்.

"எதுக்கு மாத்தணும்? நான் என்ன களவாண்டேனா?"