வாத்தியார் சொன்ன ஒரு சொல்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் சுவரில் தொங்கும் பதக்கத்தைப் பார்த்ததும், "எந்தச் சண்டைல வாங்குனது?" என்றுதான் கேட்பார்கள். சண்டை இல்லை, பயிற்சி மைதானத்தில் ஓர் உயிரைக் காப்பாற்றியதற்கு என்றால் முகம் சப்பென்று ஆகிவிடும். கூடப்பிறந்த தம்பியே, "மழையே இல்லாம குடை பிடிச்ச கதையா இருக்கேக்கா" என்று சிரித்தான். போடா, உன் மூஞ்சி! வலது கை மணிக்கட்டோடு போன மனுஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா அது?

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கையெறி குண்டு வீசக் கற்றுக்கொடுத்தவர். முகாமில் எல்லோருக்கும் அவர் 'வாத்தியார்'. கத்துகிற வாத்தியார் இல்லை. யார் தடுமாறினாலும் "விடு, பாத்துக்கலாம்" என்பார். வீட்டிலும் அதே பல்லவிதான். பால் பொங்கி வழிந்தாலும் விடு, நான் அழுதாலும் விடு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று இடுப்பளவுச் சுவருக்குப் பின்னால் அவரும் ஒரு புதுச் சிப்பாயும் நின்றார்கள். அவனை எல்லோரும் ஒல்லி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒல்லி குண்டின் பாதுகாப்புப் பின்னை உருவிவிட்டான். குண்டை இறுக்கிப் பிடித்திருக்கும்வரை ஆபத்தில்லை, பிடி விட்டால் சில நொடியில் வெடித்துவிடும். அவன் குண்டையே பார்த்துக்கொண்டு, "பயமா இருக்கு சார்" என்றான். இவர் வாய்ப்பழக்கத்தில், "விடு, பாத்துக்கலாம்" என்றார்.

அவன் விட்டுவிட்டான்.

குண்டு காலடியில் விழுந்தது. இவர் அவனை அலாக்காகத் தூக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டுத் தானும் பாய்ந்தார். கை மட்டும் பின்தங்கிவிட்டது. ஒல்லிக்கு ஒரு கீறல் இல்லை.

இவர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தபோதே விசாரணையை முடித்துவிட்டார்கள். 'சிப்பாயின் கை தவறி விழுந்த குண்டு' என்று பதக்கம் கொடுத்த மேடையில் வாசித்தபோதுதான் இவருக்கே விஷயம் தெரிந்தது. கவனக்குறைவு என்று ஒல்லியை வேலையைவிட்டே அனுப்பியிருந்தார்கள். பதக்கத்தோடு நேரே அதிகாரியிடம் போனார்.

"சார், அவன் கை தவறல. நான் விடுன்னேன், விட்டான். தப்பு என்னோடது. அவனைத் திரும்ப எடுத்துக்குங்க. பதக்கம் போனாப் போகட்டும்."

"உங்களுக்குப் போகட்டும் வாத்தியாரே. அதுக்குச் சிபாரிசு பண்ணுன என் பேர் என்னாகும்? முடிஞ்சதைக் கிளறாதீங்க" என்று சொல்லி, டீ வரவழைத்துக் கொடுத்தாராம். டீ! பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கூட்டம்.

இவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒல்லியைப் பார்த்தே ஆகவேண்டும் என்றார். நானும் கூடப் போனேன். டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை, உள்ளே எல்லாம் ரப்பர் வாசனை. ஒல்லியின் அம்மா இவர் மணிக்கட்டைப் பார்த்ததும், "உன்னாலதானடா இந்தப் புண்ணியவான் கை போச்சு!" என்று மகனை முதுகில் சாத்தத் தொடங்கிவிட்டாள்.

"அடிக்காதீங்கம்மா. அவன்மேல தப்பே இல்ல. நான் சொன்னதைத்தான் செஞ்சான்" என்று இவர் குறுக்கே நின்றார்.

ஒல்லி தலையைக் குனிந்துகொண்டான். "எனக்குத் தெரியும் சார். கை தவறிடுச்சுன்னு விசாரணைல நான்தான் சொன்னேன். நீங்க பொழைப்பீங்களான்னே தெரியாது. உங்க பேரை எப்படி சார் கெடுக்கிறது?"

இவர் சட்டைப் பையிலிருந்து பதக்கத்தை எடுத்து இடது கையால் நீட்டினார். ஒல்லி தொடவில்லை.

"இது எதுக்கு சார்? கவனமில்லாதவன்னு பேராயிடுச்சு, வாட்ச்மேன் வேலைக்குக்கூட எவனும் எடுக்க மாட்டேங்கிறான். நீங்க இப்ப பெரிய ஆளு, பேப்பர்லல்லாம் வந்தீங்க. எங்கயாவது எனக்காகச் சொல்லுங்களேன்."

பெரிய ஆளாம்! ஒற்றைக் கையனுக்கு ராணுவத்தில் இனி இடமில்லை என்று டீ கொடுத்த கையோடு இவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அது ஒல்லிக்குத் தெரியாது. இவரும் சொல்லவில்லை. "பாக்கறேன்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.