பின்பாரம் இல்லாத ஜீப்பில் ஒரு பால்குடம்

யுத்தம் முடிந்த மறு வருஷம் ஆடிக் கிருத்திகைக்குப் பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணிக்குப் போனேன். அம்மை கண்ட என் மகள் கண் திறந்தால் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். திறந்தாள். வழியில் பால் சிந்தினால் அடுத்த வருஷம் மறுபடி எடுக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

எங்கள் வீட்டு மாட்டு வண்டியில் இடமில்லை என்று என் நாத்தனார் முதல் நாளே சொல்லிவிட்டாள். அவளுடைய அதிரசக் கூடைக்கு மட்டும் இடமிருந்தது. அதை இன்றுவரை மறக்கவில்லை.

என் அக்கா புருஷன், பாவா, பட்டாளத்து டிரைவர். ஏலத்தில் ஒரு ஜீப் எடுத்திருந்தார். பின்பக்கம், ஆட்டம் தாங்கும் வில்லாகப் பழைய லாரிப் பட்டைகளை மாற்றிப் போட்டிருந்தார்: பட்டையின் நடுவும் முன்முனையும் சட்டத்தில், பின்முனை அச்சின்மேல். கிணற்று ஏற்றமரம் போல. குழியில் சக்கரம் எகிறினாலும் உட்கார்ந்தவருக்குத் தெரியாதாம்.

மகள் முன்னால் பாவா பக்கத்தில், நான் குடத்தோடு பின்னால், காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். இருபது மைல். மூன்றாவது மைலிலேயே குடத்து வாயில் கட்டிய வாழையிலையின் அடிப்பக்கம் நனைந்துவிட்டது.

“பாவா, பாலு எகிறுதே!”

“லாரிப் பட்டைம்மா. மூட்டை ஏத்தினாத்தான் படியும். நீ புல்லுக்கட்டு கனம்கூட இல்ல.”

ஆற்று மணலில் எங்கள் வண்டி சக்கரம் புதைந்து கிடந்தது. பக்கத்தில் கூடையோடு நாத்தனார்.

“நிறுத்தாதீங்க பாவா.”

“உனக்குப் பாலு வேணுமா, கோவம் வேணுமா?”

“ரெண்டும்.”

நிறுத்திவிட்டார். நாத்தனார் பின்னால் ஏறியதும் ஜீப் பெருமூச்சு விட்டாற்போல் தாழ்ந்தது. பால் அசையவில்லை. ஆனால் கரை மேட்டில், நுகம் மேலே தூக்காமலிருக்க முன்னால் நகரும் மாட்டு வண்டி வழக்கத்தில் அவள் நகர, பின்பக்கம் தூக்கிப்போட்டது.

“யம்மா, பின்னாலயே குந்து! இங்க மாடா கீது, நுகத்தடி தூக்கிக்க?” என்று பாவா கத்தினார்.

“ஆங், உன் டப்பாவுக்கு மாடே தேவலை,” என்று முனகியபடி பின்னால் போய், குடத்தை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டாள்.

ஊர்ந்து ஊர்ந்து எட்டரைக்கு மலையடிவாரம். சொட்டுப் பால் வெளியே போகவில்லை. தலையில் வைத்துப் படியேறி, அபிஷேகத்துக்குக் கொடுத்தேன். மகளுக்கு அதிரசம் கிடைத்தது. எனக்கும் ஒன்று, வேண்டாம் என்று சொல்லவில்லை.

இப்படிப்பட்ட ஜீப்பில் போகிறவர்கள் காலியாகப் போகாதீர்கள். அரிசி மூட்டையோ ஆளோ, கனமானதைப் பின்னச்சுக்கு மேலே வையுங்கள். மேடு ஏறும்போது யாரும் இடம் மாறக் கூடாது.

ஊர் திரும்பியதும் நாத்தனார் வீடு வீடாகச் சொன்னாள்: “நான் ஏறினப்புறந்தான் பாலு அடங்கிச்சு.”

வண்டியில் இடம் தராததைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவேன். இதை மன்னிக்க முடியாது. அவள் சொன்னது நிஜம்.