ஒரே டாக்டர், ஒரே வியாதி

அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கறுப்பினத்தவர். பள்ளியில் இசை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் எனக்கும் எழுபதை ஒட்டிய வயது. நான் மருந்து கம்பெனி வேலையை விட்டபின் காலையில் சேர்ந்து நடக்க ஆரம்பித்தோம். எங்கள் டாக்டரைக்கூட அவர்தான் சிபாரிசு செய்தார். அவருக்கு அந்த டாக்டரிடம் பல வருடப் பழக்கம்.

நடக்கும் வழியில் பூங்காக் கழிப்பறைக்கு இருவருமே அடிக்கடி ஓட வேண்டியிருந்தது. அதைச் சொல்லிச் சிரித்துக்கொள்வோம். டாக்டரிடம் நான் வாயே திறக்கவில்லை. சளிக்காகப் போன இடத்தில் என் மனைவிதான் போட்டு உடைத்தாள். டாக்டர் உடனே ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். பிறகு ஸ்கேன், பயாப்ஸி. புராஸ்டேட்டில் புற்றுநோய், ஆரம்ப நிலை. அறுவை சிகிச்சையோடு பிழைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பார்த்த நண்பரிடம், "நீயும் பார்த்துவிடு" என்றேன். அவர் போனார். தன் அப்பா இதே நோயில் இறந்ததையும் டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். "இந்த வயதில் எல்லோருக்கும் இருப்பதுதானாம். சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரைக் குறைக்கச் சொன்னார்" என்று திரும்பி வந்தார். மறுபடி கேட்டபோதும் அதே பதில். இடுப்பு வலி வந்தது. உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். ஒருநாள் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்கவே முடியவில்லை. ஆம்புலன்ஸை அழைத்தேன். நோய் முதுகெலும்பு வரை பரவியிருந்தது.

டெக்சாஸில் டாக்டராக இருக்கும் என் மகளுக்கு போன் செய்தேன்.

"பிளாக் மென்னுக்கு இது அதிகமா வரும்ப்பா, சின்ன வயசுலயே வரும். அவரோட அப்பாவுக்கு வேற இருந்திருக்கு. உங்களுக்கு முன்னாடி அவரைத்தான் டெஸ்ட் பண்ணியிருக்கணும்."

"அப்ப ஏன் பண்ணலை?"

"இது ஒண்ணும் புதுசு இல்லப்பா. டிரெய்னிங்லயே பார்த்திருக்கேன். அவங்க வலிக்குதுன்னு சொன்னா நிறைய பேருக்குக் காதுலயே விழாது."

முப்பது வருடம் மருந்தோடு புழங்கியவன் நான். பரிசோதனைக் குழாயில் இருக்கும் ரத்தத்தைப் பார்த்தால் யாருடையது என்று தெரியாது. ஆனால் அந்தக் குழாயில் ரத்தம் எடுக்கலாமா என்பதையே முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்களா?

நண்பர் டாக்டரை நேரில் கேட்க விரும்பினார். "கூட வா. என்னைப் போன்றவர்கள் கேள்வி கேட்டாலே மிரட்டினான் என்பார்கள். நான் குரலை உயர்த்தவில்லை என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்" என்றார். அப்படி ஒரு முன்னேற்பாடு தேவைப்படும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

டாக்டர் கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்கள் அப்போது அவ்வளவு வற்புறுத்தவில்லையே" என்றார்.

நண்பர் என்னைக் காட்டி, மெதுவாகக் கேட்டார்: "இவர் வற்புறுத்தினாரா?"

டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுத்து எங்களைப் பார்த்தார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. தான் செய்தது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது போல் முகம் வெளுத்துப்போனது. அதுதான் என்னை இன்னும் திகைக்க வைத்தது.

நண்பர் வேறு டாக்டரிடம் மாறினார். கதிர்வீச்சு சிகிச்சைக்கு நான் காரில் அழைத்துப்போனேன். வலி சற்றுக் குறைந்தது, நோய் குறையவில்லை. பனிக்காலம் முடிவதற்குள் போய்விட்டார்.

சர்ச்சில் இறுதிச் சடங்கு முடிந்ததும் அவருடைய மகன் என்னிடம் வந்தார். நாற்பதைத் தாண்டியவர். பரிசோதனை கேட்டுப் போனாராம். உங்களுக்கு இன்னும் வயதாகவில்லை என்றார்களாம்.

"என்ன செய்தாய்?" என்றேன்.

"எழுதித் தரும் வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை" என்றார்.