செம்பி குடித்த காப்பி

ஒரு நாய்க்காகவா சாமியிடம் இப்படி அழுதாய் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆமாம், நாய்க்காகத்தான் அழுதேன். மலை உச்சியில் இருக்கிற எங்கள் சாமி சேர்வராயனை நம்பி வாழ்கிற உங்களிடம் அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, அதற்கப்புறமும் சிரிப்பு வந்தால் சிரியுங்கள்.

என் பெயர் ராசம்மாள். ஏற்காட்டு மலையில், செம்மநத்தத்தில் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது, இடையில் மிளகு. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை நோயில் கண் போய்விட்டது. வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும் தெரியும். அதன் பிறகு மனிதர் கட்டிலை விட்டே இறங்கவில்லை. "எனக்கு இனி என்ன வேலை கெடக்குது" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன். பிள்ளைகள் வெளியூரிலிருந்து வந்து பேசிப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

அவரை எழுப்பியது செம்பி. செம்பட்டை நிறத்தில் ஒல்லியாக ஒரு நாட்டு நாய். கன்றுக்குட்டியின் பழைய மணியை விளையாட்டாக அதன் கழுத்தில் கட்டிவிட்டேன். ஒருநாள் அந்தச் சத்தத்தின் பின்னாலேயே அவர் வாசல் வரை நடந்தார். அப்புறம் தோட்டம் வரை போனார். அது முன்னால் ஓடும், நிற்கும், திரும்பிப் பார்க்கும். மணி கேட்கிற பக்கம் இவர் தடியை ஊன்றிப் போவார். யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. மிளகுக்கொடியைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து, "ஏ புள்ள, ஒழுங்காக் கட்டக்கூடத் தெரியலியா உனக்கு" என்று என்னைக் குறை சொல்ல ஆரம்பித்தார். அந்தக் குறையைக் கேட்க நான் எத்தனை நாள் ஏங்கியிருந்தேன் தெரியுமா?

போன தை மாதம், காணும் பொங்கல் அன்று வீடு நிறையச் சொந்தக்காரர்கள். எங்கள் பக்கம் விருந்தாளிக்குக் காப்பிதான் மரியாதை. எங்கள் கொட்டையை நாங்களே வறுத்து இடித்து, வெல்லத்தோடு அண்டாவில் போட்டுக் கொதிக்கவிடுவோம். வடிகட்டுவதில்லை. தூள் அடியில் தங்கிவிடும், தெளிவை மொண்டு கொடுப்போம். எல்லோரும் கிளம்பியதும் அண்டாவை முற்றத்தில் போட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் செம்பியின் தலை அண்டாவுக்குள் இருந்தது. அடியில் கிடந்த இனிப்புச் சக்கை முழுவதையும் வழித்து நக்கியிருந்தது. "உனக்கும் விருந்தா?" என்று சிரித்துக்கொண்டே விரட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் அதற்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடியது. மூச்சு வாங்கியது. வாந்தி எடுத்தது. பிறகு கால் மடங்கிப் படுத்து நடுங்க ஆரம்பித்தது. கழுத்து மணி நிற்காமல் கிணுகிணு என்று ஒரே நடுக்கமாக ஒலித்தது. அன்று மூடுபனி வேறு. ஊருக்குப் போகாமல் தங்கியிருந்த என் நாத்தனார் தொட்டுப் பார்த்தார்.

"பனியில கெடந்து குளிரு புடிச்சிருக்குது ராசம்மா. சுக்குத் தட்டிப் போட்டுக் கடுங்காப்பி குடு. சூடு ஏறுனா நின்னுரும்."

மலையில் இருக்கிறவர்களுக்கு இதில் சந்தேகமே வராது. குளிர் கண்ட பிள்ளைக்கும் கடுங்காப்பிதான், மயங்கி விழுந்த ஆளுக்கும் கடுங்காப்பிதான். தூளைக் கூடுதலாகவே போட்டுக் காய்ச்சினேன். என் வீட்டுக்காரர் அதன் தலையைப் பிடித்துக்கொள்ள, மாட்டுக்கு மருந்து புகட்டுகிற மூங்கில் குழாயால் நானே புகட்டினேன். எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

நடுக்கம் நிற்கவில்லை. செம்பிக்கு வலிப்பு வந்தது. கால் நான்கும் விறைத்தன. கண் சொருகியது. அவர் அதன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏ புள்ள, இதோட நெஞ்சு என்னமோ ஓடுதுடி. ஏதாச்சும் பண்ணு" என்று அலறினார். கண் போனபோதுகூட அவர் அப்படி அலறவில்லை.

ஏற்காட்டில் மாட்டாஸ்பத்திரி விடுமுறை. எங்கள் ஊர் ஜீப்காரர் சேலத்தில் தனக்குத் தெரிந்த கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். "உடனே கொண்டு வாங்க" என்றதோடு சிக்னல் போய்விட்டது. ஜீப்பில் கிளம்பினோம். காணும் பொங்கல் கூட்டம் உங்களுக்குத் தெரியாததா? மலைப்பாதையில் பாதி தூரம்கூட இறங்கவில்லை. மேலே ஏறுகிற கார்கள் முந்திக்கொண்டு வந்து இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு நின்றன. ஜீப் அசையவில்லை.

"நடக்கலாம்" என்றார் அவர். செம்பியைப் போர்வையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டார். என் முந்தானையை ஒரு கையில் பிடித்துக்கொண்டார். தன்னை நடத்திக் கூட்டிப்போன நாயை அவர் சுமந்து வந்தார். கார்களுக்கு நடுவில் நான் வழிகாட்டிப் போனேன். ஜன்னல் வழியாகச் சிலர் செல்போனில் படம் எடுத்தார்கள். ஒரு கொண்டை ஊசி வளைவு இறங்கினோம். இன்னொன்றும் இறங்கினோம். அங்கே மணிச் சத்தம் நின்றுவிட்டது.

அவர் அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். "போயிருச்சா? சொல்லு புள்ள, போயிருச்சா?" எனக்குத் தொட்டுப் பார்க்கத் தைரியமில்லை. மலை உச்சி இருக்கும் திசையைப் பார்த்து நின்றேன். பக்தியாக எல்லாம் கும்பிடவில்லை. சண்டைதான் போட்டேன்.

"சேர்வராயா, இவரு கண்ணைக் கேட்டேன், நீ குடுக்கலை. நான் கோவிச்சுக்கலை. அதுக்குப் பதிலா இந்த நாயைக் குடுத்தே. இப்ப இதையும் புடுங்கிக்குவியா? குடுத்ததைத் திருப்பி வாங்குறது சாமிக்கு அழகா? இதை எனக்கு உட்டுரு. இனி என் நாக்குல காப்பி படாது. இது சத்தியம்."

ஏன் காப்பி என்று சொன்னேன்? எனக்கு அதைவிடப் பிரியமானது எதுவுமில்லை. சோறு இல்லாமல் இருப்பேன், காப்பி இல்லாமல் இருந்ததில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். வேறு எதுவும் அப்போது எனக்குத் தெரியாது.

அழுதுகொண்டே நின்றபோது, கார்களின் இடுக்கில் நுழைந்து மேலே ஏறி வந்த ஒரு டூவீலர் என் பக்கத்தில் நின்றது. ஏற்காட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர். முன்னும் பின்னும் அரிசி, பருப்பு மூட்டை. "என்னாச்சுங்கக்கா?" என்றவர் பதிலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. போர்வையை விலக்கி விரலை வைத்துப் பார்த்தார். "மூச்சு இருக்குது. ஏறுங்க."

மூட்டைகளை இறக்கி ரோட்டோரம் போட்டார். "அண்ணே, நான் வர்ற வரைக்கும் இதைப் பாத்துக்குங்க."

"எனக்குக் கண்ணு தெரியாதுங்களே" என்றார் இவர்.

"அப்ப மேல ஏறி உக்காந்துக்குங்க. அப்புறம் யாரு தூக்கீட்டுப் போயிருவா?"

அந்த நிலைமையிலும் இவர் தலையாட்டிக்கொண்டு மூட்டை மேல் ஏறி உட்கார்ந்தார். கண் தெரியாத மனிதரை வளைவில் தனியாக விட்டுவிட்டு, செம்பியை மடியில் போட்டுக்கொண்டு நான் போனேன். பாய் வழி முழுக்க வாய்க்குள் ஓதிக்கொண்டே ஓட்டினார். நானும் என் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அடிவாரம் தாண்டிச் சேலம் போய்ச் சேர்ந்தோம்.

டாக்டரம்மா வலிப்பு நிற்க ஊசி போட்டார். கழுத்து மணியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே, "கடைசியா என்னம்மா குடுத்தீங்க?" என்று கேட்டார்.

"கடுங்காப்பிங்க. அதுக்கு முன்னாடி அண்டாவுல இருந்த காப்பிச் சக்கையைத் தின்னுச்சுங்க."

அவர் கை நின்றது. "காப்பி நாய்க்கு வெஷம்மா. நம்ம ஒடம்பு அதை வெளிய தள்ளீரும், நாய்க்கு லேசுல முடியாது. நெஞ்சு படபடன்னு அடிச்சு, வலிப்பு வந்து, நின்னே போயிரும். டீத்தூளும் சாக்லேட்டும்கூட அப்படித்தான். தின்ன உடனே வந்திருந்தா வாந்தி எடுக்க வெச்சிருப்பேன். இதுக்குன்னு மாத்து மருந்து கெடையாது. காத்திருக்கணும், அவ்வளவுதான்."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எதை விடுகிறேன் என்று வளைவில் நின்று சத்தியம் செய்தேனோ, அதுதான் செம்பியைக் கொன்றுகொண்டிருந்தது. எனக்குத் தெரியாததை என் வாயாலேயே சொல்ல வைத்தது யார்?

ஜீப்காரர் வழி கிடைத்ததும் என் வீட்டுக்காரரையும் பாயின் மூட்டைகளையும் ஏற்றி ஊர் சேர்த்துவிட்டார். நான் மணியை முந்தானையில் முடிந்துகொண்டு செம்பியின் பக்கத்திலேயே கிடந்தேன். விடிந்தபோது அது தலையைத் தூக்கி என் கையை நக்கியது. அதன் கழுத்தில் மணியைக் கட்டினேன். வீட்டுக்குப் போன் போட்டு, ஒன்றும் பேசாமல் போனை அதன் பக்கம் நீட்டினேன். செம்பி காதைச் சிலிர்த்துக்கொண்டு தலையை உதறியது. மணி கணகணவென்று ஒலித்தது.

அந்தப் பக்கம் போனை எடுத்திருந்தது அவர்தான். "கேக்குது புள்ள" என்றார். அழுகிறார் என்று தெரிந்தது.

அன்றிலிருந்து நான் காப்பி குடிப்பதில்லை. காப்பி விளைகிற வீட்டில் சுக்கு மல்லித் தண்ணீர் குடிப்பவள் நான் ஒருத்திதான். நாத்தனார் கேலி செய்வதை இன்னும் நிறுத்தவில்லை. சக்கையைக் குழியில் போட்டு மூடுகிறோம், அண்டாவை உடனே கழுவிக் கவிழ்த்து வைக்கிறோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். உங்கள் நாய் நடுங்கினால் குளிர் என்று நினைத்துக் காப்பி புகட்டாதீர்கள். நேராக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

எதை இழந்து நின்றாலும் சாமியிடம் கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள். நேர்த்திக்கடன் செலுத்த மலை உச்சிக்குப் போனபோது அவர் என் முந்தானையைப் பிடிக்கவில்லை. மணி முன்னால் போனது, அவர் அதன் பின்னால் ஏறினார். மூச்சு வாங்கிக்கொண்டு கடைசியாக வந்தவள் நான்தான்.