அரை டாக்டரின் குதிகால்

தெருவில் அவரை அரை டாக்டர் என்பார்கள். மருந்துக்கடைக்காரர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். இருபது வருடமாகக் கல்லாவை விட்டு எழாமலேயே சளி, சீழ், காய்ச்சல் எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொன்னவர். டாக்டர் சீட்டு கேட்டு யாரையும் சங்கடப்படுத்தியதில்லை. அட்டையிலிருந்து இரண்டு ஆன்டிபயாட்டிக் மாத்திரையைக் கத்தரித்துக் கொடுப்பார். கொஞ்சம் குறைந்தால் நிறுத்திவிடச் சொல்வார். தமக்கும் அதே தாராளம்தான். ஒன்றரை மாதமாகக் குதிகாலில் ஆறாத புண். மூன்று நாள் ஒரு மாத்திரை, இரண்டு நாள் வேறொன்று என்று கடைச் சரக்கையெல்லாம் ருசி பார்த்தாயிற்று.

மகள் கல்லூரியில் நுண்ணுயிரியல் படிக்கிறாள். எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று அளந்து காட்டுவது அவளுடைய ப்ராஜெக்ட். அப்பாவின் புண்ணைப் பஞ்சுக் குச்சியால் தொட்டு எடுத்துப்போனாள். அறிவியலுக்குத் தம்மால் ஆன உதவி என்று அவர் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டார்.

மூன்றாம் நாள் மதியம் அவள் நோட்டோடு கடைக்கு வந்தாள். கிருமி வளர்த்த தட்டில் ஐந்து மருந்துகளில் ஊறிய காகித வில்லைகளை வைத்து, ஒவ்வொன்றையும் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை ஸ்கேலால் அளந்திருந்தாள். நோட்டில் ஐந்துக்கும் நேரே ஆறு மில்லிமீட்டர்.

"பாத்தியா! ஒண்ணுகூட சோடை போகல. நம்ம கடை மருந்துன்னா சும்மாவா?"

"அப்பா, அந்தக் காகித வில்லையோட அகலமே ஆறுதான்."

"அப்படின்னா?"

"வில்லையை ஒட்டியே கிருமி வளந்து நிக்குது. அஞ்சுல ஒண்ணுகூட கேக்கல. எங்க காலேஜ் மேடம் ரெண்டு தரம் பாத்துட்டாங்க. இன்னைக்கே உங்கள ஆஸ்பத்திரியில சேக்கச் சொன்னாங்க." அவள் நோட்டை மூடினாள். "விட்டா காலுக்கே ஆபத்தாம்ப்பா."

அரை டாக்டர் நன்றாகப் பயந்துவிட்டார். அலமாரி நிறைய மருந்தை வைத்துக்கொண்டு, எதை எடுப்பதென்று தெரியாமல் நின்றார்.

அந்த நேரம் பார்த்து அடுத்த தெருத் தையல்காரம்மா வந்தார். இடுப்பில் காய்ச்சலில் துவண்ட குழந்தை.

"அண்ணே, போன தடவை குடுத்தீங்களே, அதுலயே ரெண்டு குடுங்க."

பழக்கதோஷம், கை தானாக அலமாரிக்குப் போயிற்று. பாதியில் நின்றது.

"டாக்டர்கிட்ட காட்டும்மா."

"நீங்களே இப்படிச் சொன்னா எப்படிண்ணே? உங்க மாத்திரைன்னா உடனே கேக்குமே!"

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தம் காலைப் பார்த்தார்.

"கேக்காதும்மா," என்றார்.