சுக்கான் சக்கரத்தின் பொட்டு

நடந்ததை மட்டும் எழுதுவேன். எனக்கு வெட்கம் தரும் இடத்தையும் விடாமல் எழுதுவேன்.

ராக்காயி அக்கா இறந்துபோன செய்தியைப் போன செவ்வாய்க்கிழமை அப்பா கொண்டுவந்தார். ஈப்போவில் எங்கள் பள்ளி விடுதி வாசலில், குடையைக்கூட மடக்காமல் சொன்னார். ஐந்து நாள் காய்ச்சல். எங்கள் ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசரான அப்பாதான் கடைசிவரை மருந்து கொடுத்தவர். பதினாறாம் நாள் லயத்து வீடுகள் முன்னால் எல்லாரும் கூடும்போது படிக்க ஏதாவது எழுதித் தரச் சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி, "அம்மன் பொட்டச் சுரண்டினதாலதான் போயிட்டான்னு பேசிக்கிறாங்கம்மா. அவ புருஷன் சின்னையா இனிமே படகுச் சக்கரத்தத் தொடக் கூடாதுன்னு ரெண்டு பேரு கங்காணிகிட்ட சொல்லியிருக்காங்க" என்றார்.

அதனால் நான் நினைத்ததைவிட நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நீங்கள் எல்லாரும் அக்காவோடு பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர்கள். அவர் கத்தியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி விடுமுறையில் ஒருநாள் நான் அவர் வரிசையில் போய் நின்றேன். அவர் சீவிப் போட்ட பட்டையை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தேன். வெளிச்சம் அதற்குள் தெரிந்தது. "மரத்துக்கு வலிக்காம எடுத்தா நாளைக்கும் குடுக்கும். அவசரப்பட்டா இன்னைக்கோட சரி" என்றார்.

அவருக்கு எழுத்துத் தெரியாது. ஊரிலிருந்து வரும் கடிதங்களை நான்தான் படிப்பேன். ஒருமுறை அவருடைய தம்பி, தாயார் இறந்துவிட்டதாக எழுதியிருந்தான். எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. மழை, மாடு, தம்பி பிள்ளைக்குக் காதுகுத்து என்று மற்றதையெல்லாம் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்தேன். அக்கா அதை வாங்கித் திரும்பப் பிரித்தார். "உன் கண்ணு இங்கன வந்ததும் ஒரு தாவு தாவிச்சு பாப்பா. தாவின எடத்தையும் படி" என்றார். படித்தேன். அவர் கடிதத்தை வாங்கி மடித்தார். பிறகு, "எழுதினவன் எழுதிட்டான். படிக்கிறவ முழுசாப் படிக்கணும்" என்றார்.

இனி படகு.

ரப்பர் ஷீட்டையும் நோயாளிகளையும் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள துறைக்குக் கொண்டுபோகும் நம் பழைய மரப்படகை அக்காவின் கணவர் சின்னையா அண்ணன் ஓட்டுகிறார். மரம் விழுந்து கால் ஊனமான பிறகு அவரால் மேட்டு மரங்களுக்கு ஏற முடியாது. படகு இல்லையென்றால் அவருக்கு இந்தத் தோட்டத்தில் வேலை இல்லை. போன வருஷம் மழைக்காலத்தில் சுக்கானை இழுக்கும் சங்கிலி அறுந்தது. அது சக்கரத்துக்குப் பின்னால் பலகைப் பெட்டிக்குள் இருக்கிறது. சக்கரத்தைக் கழற்றினால்தான் பெட்டியைத் திறக்கலாம். சக்கரம் அசையவில்லை. "சனிக்கிழமைக்குள் ஓடாவிட்டால் அறுத்துப் புகைக்கூடத்துக்கு விறகாக்கிவிடுங்கள், ஓட்டுகிறவன் கப்பலேறி ஊருக்குப் போகட்டும்" என்று துரை சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் கயிறு கட்டி இழுத்தார்கள். வெந்நீர் ஊற்றினார்கள். தேங்காய் எண்ணெய் விட்டார்கள். சம்மட்டியால் அடித்ததில் சக்கரத்தின் ஒரு கைப்பிடி உடைந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் வேடிக்கை பார்க்கப் போனேன். கருவிப் பெட்டி மூடியின் உட்புறம் ஆங்கிலத்தில் அச்சிட்ட காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. அதைப் பெயர்த்தெடுத்துப் படித்தேன். "சக்கரத்தை இழுக்குமுன் குடத்திலுள்ள திருகாணியைக் கழற்றவும்" என்று இருந்தது. குடம் என்பது சக்கரத்தின் நடுவிலுள்ள பித்தளை வட்டம். நான் அதை உரக்கச் சொன்னேன்.

கங்காணி மாமா குடத்தைச் சுற்றிப் பார்த்தார். "திருகாணி எங்க இருக்கு? வெள்ளக்காரன் படகுல அடிக்க வேண்டிய ஆணியக் காகிதத்துல அடிச்சிட்டான் போல. ஹாபிஸ்லா, எல்லாம் முடிஞ்சுது சின்னையா. மூட்டையக் கட்டு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சின்னையா அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

அக்கா என்னிடம் வந்தார். "பாப்பா, முழுசாப் படிச்சியா?"

"ஆமாக்கா. ரெண்டு தரம்."

"அப்போ ஆணி இருக்கு."

அவர் குடத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஓரமெல்லாம் வெறும் பித்தளை. முகப்பில்தான் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை நாம் அம்மனுக்கு வைத்த பொட்டு இருந்தது. மழையில் கரையக் கூடாதென்று சின்னையா அண்ணன் ஒவ்வொரு வருஷமும் அதன்மேல் வார்னிஷ் பூசுவார். அடுத்த வருஷம் வார்னிஷ்மேல் சந்தனமும் குங்குமமும். அதன்மேல் மறுபடி வார்னிஷ். அது ஒரு வெள்ளிக்காசைவிட அகலமாக, கெட்டிப்பட்டுப் பளபளவென்று இருந்தது.

"பாக்காத எடம் ஒண்ணுதான் இருக்கு" என்றார் அக்கா.

எல்லாருக்கும் அது தெரிந்துதான் இருந்தது என்று நினைக்கிறேன்.

"ஏய் புள்ள, வேணாம். கப்பல்ல ஏத்தினா ஏறிக்கலாம்" என்றார் சின்னையா அண்ணன்.

"நீங்க ஏறுவீங்க. எனக்குக் கப்பல நெனச்சாலே வாந்தி வருது" என்றார் அக்கா.

ஆற்றில் கையைக் கழுவினார். பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல, "தாயே, உன் பொட்டுக்கு அடியில ஆணி இருக்குதாம். எடுத்துட்டுத் திரும்ப வச்சிடுறேன்" என்று சொல்லிப் பால் வெட்டும் கத்தியை எடுத்தார். மரப்பட்டையைச் சீவுவதுபோலவே மெல்ல மெல்லச் சீவினார். சிவப்பு, மஞ்சள், வார்னிஷின் பழுப்பு, மறுபடி சிவப்பு. ஒரு துகளும் கீழே விழாமல் வாழை இலையில் ஏந்திக்கொண்டார். பித்தளையில் ஒரு கீறல்கூட விழவில்லை. அடியில், குடமும் தண்டும் சேருமிடத்தில், குன்றிமணி அளவில் திருகாணியின் தலை தெரிந்தது. அதன் வெட்டுக்குள் அடைந்திருந்த குங்குமத்தை ஊக்கால் நோண்டினார். எண்ணெய் விட்டு, கால் சுற்று, அரைச் சுற்று என்று திருகித் திருகிச் சின்னையா அண்ணன் அதை வெளியே எடுத்தார். பிறகு சக்கரத்தைப் பிடித்து ஒரே இழு. அது அவர் மடியில் வந்து விழ, அதைக் கட்டிப் பிடித்தபடியே மல்லாந்தார்.

"பொறந்துருச்சுடா புள்ள!" என்று முதலில் கத்தியவர் கங்காணி மாமாதான்.

அப்புறம் அவர் வாழை இலையைப் பார்த்தார். முகம் மாறியது. "பொட்டச் சுரண்டச் சொன்னது யாரு?"

காகிதம் என் கையில் இருந்தது. நான் அதை மடித்துப் பாவாடைக்குள் செருகிக்கொண்டு ஒரு மூட்டைக்குப் பின்னால் போய் நின்றேன்.

"யாரும் சொல்லல. கத்தி என்னுது, கை என்னுது" என்றார் அக்கா.

அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் நான் எங்கே நின்றேன் என்று அவருக்குத் தெரியும். அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்குச் சொல்கிறேன்: ஆணி இருக்கிறது என்று சொன்னவள் நான். பொட்டை எடுத்தது குற்றமென்றால் அதில் பாதி என்னுடையது.

அக்கா சீவல்களை ஆற்றில் விட்டார். புதுச் சங்கிலி மாட்டிச் சக்கரத்தைத் திரும்பப் பொருத்திய பிறகு, குடத்துக்கு இரண்டு விரல் தள்ளி, சக்கரத்தின் மரத்தில் புதுப் பொட்டு வைத்தார். "இனிமே இங்க வைங்க. எடம் மாத்தினா அம்மன் கோவிச்சுக்காது" என்றார். சனிக்கிழமை காலை துரை அந்தப் படகில்தான் அக்கரைக்குப் போனார்.

இது நடந்து ஏறக்குறைய ஒரு வருஷம் அக்கா நன்றாக இருந்தார். பால்மரம் வெட்டினார், அதே படகில் ஏறினார், இறங்கினார். அவரைக் கொண்டுபோன அதே மாதத்தில் அதே காய்ச்சல் நம் லயத்தில் இன்னும் மூன்று பேரைக் கொண்டுபோனது. அவர்களில் யாரும் அந்தச் சக்கரத்தைத் தொட்டதேயில்லை. சந்தேகமிருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்கும் அப்பாவையே கேளுங்கள்.

செய்தி சொல்ல வந்த அன்று அப்பா அந்தப் படகில் ஆற்றைக் கடந்துதான் ஈப்போவுக்கு வந்திருந்தார். "இந்த வருஷப் பூஜைப் பொட்டு எங்கப்பா இருக்கு?" என்று கேட்டேன். அவர் யோசித்துச் சொன்னார்: "மரத்துலதான், ரெண்டு விரல் தள்ளி. கங்காணிதான் தன் கையால வச்சாரு."

கங்காணி மாமா, நீங்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். அந்த இடத்தைக் காட்டியவர் அக்கா. இதை நீங்களே எல்லார் முன்னாலும் சொல்லிச் சின்னையா அண்ணனை நாளைக்குச் சக்கரத்தைப் பிடிக்கச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் சின்னப் பிள்ளை பேச்சு. நீங்கள் சொன்னால் எல்லாரும் படகில் ஏறுவார்கள்.

அக்காவின் நினைவாக என்னிடம் இருப்பவை இரண்டு. நான் ஒளித்த அந்தக் காகிதம். இதோடு வைத்து அனுப்புகிறேன், கையிலெடுத்துப் பாருங்கள். இன்னொன்று, தாவின இடத்தையும் படி என்று அவர் சொன்னது. அதை அனுப்ப மாட்டேன்.

விடுதி மேட்ரன் வந்து விளக்கை அணைத்துவிட்டார். இந்த வரிகள் இருட்டில் எழுதியவை. கோணலாக இருந்தாலும், அப்பா, முழுசாகப் படியுங்கள்.